புரட்டிப் பார்த்தால் தெரியும்

நண்டு வாங்கத் தெரிந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். வயிற்றோடு ஒட்டிய மடல் குறுகிக் கூம்பாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கடலோர ஊர்களில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும். நன்னீரில் வாழும் கிரேஃபிஷுக்கும் அடையாளம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பார்வைக்குக் கொடுக்கு வைத்த சின்னச் சிங்கி இறால் போல இருக்கும் இந்த உயிரினம் இந்தியாவுக்குச் சொந்தமானதல்ல. நம் ஆறு குளங்களில் இயற்கையாக வாழும் கிரேஃபிஷ் ஒன்றுகூட இல்லை. நம்மவர்கள் இதைப் பார்ப்பது பெரும்பாலும் வண்ணமீன் கடைத் தொட்டியில்தான்.

உலகம் முழுக்கப் பேர்பெற்றது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிவப்பு கிரேஃபிஷ். அங்கே நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி இதை வளர்க்கிறார்கள். கோடை தொடங்கும்போது தண்ணீரை வடித்ததும், நம் வயல் நண்டு போலவே வரப்பில் வளை தோண்டி உள்ளே போய்விடும். அந்த ஈர வளைக்குள்தான் பெண் முட்டையிடுகிறது. வயலில் மறுபடி தண்ணீர் ஏறியதும் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வெளியே வரும்.

இந்தச் சிவப்பு கிரேஃபிஷையே எடுத்துக்கொள்வோம். கொடுக்குகளுக்குப் பின்னால், முதுகோட்டின் இரு பக்கமும் பிடித்துத் தூக்கினால் அதன் பிடி விரலுக்கு எட்டாது. மல்லாத்தி, கால்கள் முடிந்து வால் தொடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வாலின் அடியில் ஜோடி ஜோடியாக மெல்லிய நீந்துகால்கள் தொங்கும். ஆணுக்கு அவற்றில் முதல் இரண்டு ஜோடி மட்டும் கெட்டியாகி, குச்சி போல நீண்டு, முன்பக்கம் மடிந்து நடைக்கால்களுக்கு நடுவே படுத்திருக்கும். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பது இந்தக் குச்சிகள்தான். பெண்ணுக்கு இவை கிடையாது, நீந்துகால்கள் எல்லாமே மென்மையாக இருக்கும். கடைசி ஜோடிக் கால்களுக்கு நடுவே சிறு மேடு ஒன்று தெரியும். அது விந்தைச் சேமித்து வைக்கும் இடம். இணைசேர்ந்து பல வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துக்கூட அந்தச் சேமிப்பைக் கொண்டே பெண் முட்டைகளைக் கருவாக்கிக்கொள்ளும். தொட்டியில் தனியாக இருக்கும் பெண் திடீரென்று குஞ்சு பொரித்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பெண்ணின் வால் சற்று அகலம். நூற்றுக்கணக்கான முட்டைகளை அது வாலடியில் கொத்தாக ஒட்டிவைத்துச் சுமக்கிறது. பெண் நண்டின் மடல் அகன்றிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கொடுக்கை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வளர்ந்த ஆணுக்குக் கொடுக்கு பெரிது என்பது உண்மைதான். ஆனால் சண்டையில் கொடுக்கை இழந்து, புதிதாக முளைத்துக்கொண்டிருக்கும் ஆணுக்கு அது சின்னதாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியைச் சேர்ந்த ரெட்கிளா கிரேஃபிஷில் குச்சிகளைத் தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அவை கிடையாது. கொடுக்கையும் ஒரு ஜோடியாக எண்ணிக்கொண்டு கால்களின் அடிமூட்டைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜோடியின் அடியில் சிறு முளை இருந்தால் ஆண், மூன்றாம் ஜோடியின் அடியில் துளை இருந்தால் பெண். வளர்ந்த ஆணின் கொடுக்கு ஓரத்தில் சிவப்புத் திட்டும் இருக்கும். இந்த இனத்தில் ஆண்தான் வேகமாக வளரும் என்பதால், பண்ணைக்காரர்களுக்கு இந்த எண்ணிக்கை காசு விவகாரம். இரண்டு அடையாளமும் ஒரே உடலில் அமைந்த ரெட்கிளாக்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட வியப்பூட்டுவது பளிங்கு கிரேஃபிஷ். 1990களின் நடுவில் ஜெர்மனியில் மீன்தொட்டி வளர்ப்பவர்களிடம் தலைகாட்டியது. எத்தனையைப் புரட்டிப் பார்த்தாலும் அதில் ஆண் கிடைக்கவில்லை. ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது என்பதை 2003இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். குஞ்சுகள் எல்லாம் தாயின் மரபணு நகல்கள், எல்லாமே பெண். தொட்டியிலிருந்து வெளியேறிய இது ஐரோப்பிய ஏரிகளில் குடியேறியது. மடகாஸ்கரில் நெல் வயல் வரை பரவிவிட்டது. அந்தத் தீவுக்கே உரிய கிரேஃபிஷ் இனங்களுக்கு இதனால் ஆபத்து என்று ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதை வளர்ப்பதற்கும் விற்பதற்கும் தடை போட்டது.

வீட்டுத் தொட்டியில் கிரேஃபிஷ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒற்றைப் பெண்தானே, துணையில்லாமல் என்ன செய்துவிடும் என்று எண்ணி ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீர்கள்.