கடலோரத்துல நின்ன பழைய எஸ்யூவி: இன்ஜினை விடுங்க, அடியில குனிஞ்சு பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்கு, கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.)

திருக்கழுக்குன்றத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, 15 வருஷம் முடியப் போற ஃபோர்டு எண்டவர் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. மாமல்லபுரம் பக்கம் ஒரு வீட்டுல நின்ன வண்டி. இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. பதிவு முடிய இன்னும் மூணு மாசம். வாங்கலாமா?"

இதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. 15 வருஷ சோதனையில வண்டி பாஸ் ஆகுமா? பாஸ் ஆனா அதுக்கப்புறம் நம்பி ஓட்டலாமா? ரெண்டும் ஒண்ணு இல்ல.

முதல்ல சட்டம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதுக்கப்புறம் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வண்டியை நேர்ல பார்த்து, ஓட்டத் தகுதியானதுன்னு சொன்னாதான் இன்னொரு 5 வருஷம் கிடைக்கும். நாம எல்லாரும் இதை எஃப்சின்னு சொல்றோம், ஆனா சொந்த வண்டியைப் பொறுத்தவரை இது ஆர்சி புதுப்பிக்கிறதுதான். படிவம் 25. பதிவு முடியறதுக்கு 60 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்க முடியும், அதுக்கு முன்னாடி எடுத்துக்க மாட்டாங்க. காருக்கு முன்னாடி 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க.

சின்ன விஷயங்கள்ல ஃபெயில் ஆனா பயப்பட வேண்டாம். ஹெட்லைட், ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் ஒரு நாள் வேலை. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சிருந்தா மாத்தணும். எஸ்யூவின்னாலே நம்ம ஆளுங்க முன்னாடி ஒரு இரும்பு பம்பர், கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம்னு மாட்டி வச்சிருப்பாங்க. அதையெல்லாம் கழட்டிட்டுதான் கொண்டுபோகணும்.

புகை கொஞ்சம் கவனிக்க வேண்டியது. பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் வரை அனுமதி, பிஎஸ்-4 வண்டிக்கு 50தான். 2010 ஏப்ரல்ல சென்னை மாதிரி சில பெரிய நகரங்களுக்குத்தான் பிஎஸ்-4 வந்துச்சு, நாடு முழுக்க வந்தது 2017ல. அதனால இந்த வயசு வண்டி ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம். எதுன்னு தெரியாம புகை டெஸ்டுக்குப் போகாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எண்டவர், ஸ்கார்பியோ, பழைய சஃபாரி எல்லாம் ஏணி மாதிரி ஒரு இரும்பு ஃப்ரேம் மேல பாடி உக்காந்திருக்கிற வண்டிகள். செங்கல்பட்டுல நின்ன வண்டிக்கும் ஈசிஆர் ஓரம் நின்ன வண்டிக்கும் மைலேஜ் ஒண்ணா இருக்கலாம், ஃப்ரேம் ஒண்ணா இருக்காது. உப்பு, காத்துல இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்து வச்சுக்கும். மழையே பெய்யலைன்னாலும் இரும்பு மேல மெல்லிசா ஒரு உப்புத் தண்ணிப் படலம் இருந்துகிட்டே இருக்கும், துரு நிக்காம வேலை செய்யும். அதுவும் ஃப்ரேம் உள்ள பொந்து. மணலும் சேறும் உள்ள போய் உக்காந்துக்கும். வாட்டர் சர்வீஸ்ல வெளியதான் கழுவுறாங்க. வெளிய பளபளன்னு இருக்கிற வண்டி உள்ளிருந்து இத்துப் போகும்.

இதுல மூணு ஆபத்து. ஒண்ணு, சேசிஸ் நம்பர். அது ஃப்ரேம்லதான் குத்தியிருப்பாங்க. துரு தின்னு எழுத்து படிக்க முடியலைன்னா இன்ஸ்பெக்டரால ஆர்சியோட ஒப்பிட முடியாது. மறுபடி குத்துறதுக்கு ஆர்டிஓ அனுமதி வேணும், நீங்களா குத்தினா திருட்டு வண்டிங்கிற சந்தேகம் வரும். ரெண்டாவது, லீஃப் ஸ்பிரிங் ஃப்ரேம்ல மாட்டியிருக்கிற இடம், அப்புறம் ஸ்டெப்னி தொங்குற இடம். அங்க ஓட்டை விழுந்து, மேல தகடு வச்சு வெல்டு பண்ணியிருந்தா அந்த வண்டியை விட்டுடுங்க. இன்ஜினைக் காசு கொடுத்து சரி பண்ணிடலாம், இத்துப்போன ஃப்ரேமை நம்ம பட்ஜெட்ல சரி பண்ண முடியாது. மூணாவது, பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப். சாதாரணமா மிதிக்கும்போது தாங்கும். திடீர்னு மாடு குறுக்க வந்து முழு பலத்தோட மிதிக்கிற அன்னைக்குத்தான் வெடிக்கும்.

அடியில புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, எதை மறைக்குதுன்னு பாருங்க. சின்ன சுத்தியலால லேசா தட்டினா நல்ல இரும்பு கணீர்னு சொல்லும், இத்துப்போனது மொத்துன்னு சொல்லும்.

சரி, பாஸ் ஆயிடுச்சுன்னே வைங்க. இன்ஸ்பெக்டர் கிளட்ச் தேய்மானம், டர்போ, ரேடியேட்டர், ஏசி எதையும் பிரிச்சுப் பார்க்கிறது இல்ல. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டின கோடு, வெள்ளிக்கிழமை ராத்திரி சர்வர்ல படுத்துக்கிறதை நான் நிறைய பார்த்திருக்கேன். அதே கதைதான்.

எண்டவருக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம மறைமலைநகர் ஃபேக்டரியில இருந்து வந்த வண்டி அது. இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு 2021 செப்டம்பர்ல ஃபோர்டு அறிவிச்சாங்க. ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி தேயுற சாமான் வெளி மார்க்கெட்டுல கிடைக்கும். அந்த மாடலுக்கே உரிய பாகங்களுக்கு வாங்குறதுக்கு முன்னாடியே கடையில கேட்டு, இருக்கா, என்ன விலை, எத்தனை நாள்னு எழுதி வச்சுக்கோங்க.

தம்பிக்கு என் பதில் இதுதான். இப்ப அட்வான்ஸ் கொடுக்காதீங்க. முதல்ல ராம்ப்ல ஏத்திப் பார்க்கணும்னு ஓனர்கிட்ட சொல்லுங்க. ஃப்ரேம் நல்லா இருந்தா ஒரு மாசம் பொறுங்க, 60 நாள் கணக்கு ஆரம்பிச்சதும் அவர் பேர்லயே ஆர்சியைப் புதுப்பிச்சுத் தரச் சொல்லுங்க. கட்டணத்தை வேணும்னா நீங்க ஏத்துக்கோங்க, அதுல தப்பில்ல. அதுக்கும் அவர் ஒத்துக்கலைன்னா வண்டியைப் பத்தி அவருக்கு ஏற்கனவே ஏதோ தெரியும். ராம்ப்ல எடுக்கிற போட்டோவை எனக்கும் அனுப்புங்க தம்பி, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம் கண்டிப்பா தெரியணும்.