சாச்சியின் வறட்டு இருமல்

சாச்சிக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து கதிர்வீச்சுக்குத் திகதி கிடைத்தபோது உம்மாவும் நானும் கூடப் போனோம். அங்கே முதலில் பழக்கியது மூச்சை அடக்கத்தான். ஆழமாக இழுத்து ஏறத்தாழ 20 செக்கன் வைத்திருக்க வேண்டும். வீட்டிலும் சாச்சி கதிரையில் இருந்து பழகுவார். நான் செக்கன் எண்ணுவேன். பதினெட்டில் சிரித்துவிடுவார்.

இது எதற்கு என்று உயர்தர உயிரியல் மாணவியான எனக்கே அப்போது விளங்கவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். சுவாசப்பை காற்றால் விரியும்போது இதயம் நெஞ்சுச் சுவரிலிருந்து விலகுகிறது. விரிந்த சுவாசப்பையில் கதிர் படும் பங்கும் பொதுவாகக் குறைகிறது.

அந்தப் பங்கைக் குறைப்பதில்தான் விடயம் இருக்கிறது. சுவாசப்பையின் கோடிக்கணக்கான சிற்றறைகளுக்கு மிக மெல்லிய சுவர்கள். கதிர் அச்சுவர்க் கலங்களைக் காயப்படுத்தினால் முதலில் அழற்சி உண்டாகும். பின்னர் காயத்தை ஆற்ற வரும் கலங்கள் கொலாஜன் நார்களை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கும். வெட்டுக்காயம் ஆறித் தழும்பாவது போலத்தான். கையில் உள்ள தழும்பால் நமக்கு நட்டமில்லை. சிற்றறைச் சுவர் தடித்தாலோ ஒட்சிசன் குருதிக்குள் செல்வது கடினமாகிவிடும். அப்படித் தடித்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை.

ஆகவே தடுக்கும் வேலை கதிர் பாய்ச்ச முன்பே தொடங்குகிறது. சி.டி. படத்தை வைத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கணினியில் திட்டமிடுகிறார்கள். சுவாசப்பைப் புற்றுநோய்க்கான சிகிச்சையில், 20 கிரே அல்லது அதற்கு மேல் கதிர் பெறும் பகுதி மொத்தச் சுவாசப்பையில் 30 முதல் 35 வீதத்தைத் தாண்டாதபடி பார்ப்பது வழக்கம். மாத்திரையால் தடுக்கவும் முயன்றிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கெப்டோப்ரில் எலிகளில் தழும்பைக் குறைத்தது. மனிதருக்கு அது வழமையான சிகிச்சையாகவில்லை.

இவ்வளவு கவனித்தும் சிலருக்கு அழற்சி வரும். சாச்சிக்கு வந்தது. கதிர்வீச்சு முடிந்து இரண்டரை மாதத்தில் வறட்டு இருமல், இலேசான காய்ச்சல். தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பக்கத்துக் கடையில் வாங்கிய குளிசையும் கேட்கவில்லை. கதிர்வீச்சை எப்போதோ முடித்துவிட்டோமே என்று எங்கள் யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. படியேற மூச்சு வாங்கியபோதுதான் உம்மா பயந்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

இந்த அழற்சி பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். தழும்பு அதன்பின் மெல்ல மெல்ல இறுகும். அழற்சி நிலையிலேயே பிடித்தால் ஸ்டீரொய்ட் மருந்து பெரும்பாலானோருக்குக் கைகொடுக்கும். அதைச் சுகமாகிவிட்டது என்று சட்டென நிறுத்தவும் கூடாது. வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். சாச்சிக்கு அதுதான் பெரிய சண்டை. முகம் ஊதிவிட்டது என்று கண்ணாடி பார்ப்பதையே விட்டார்.

இருமல் நின்றுவிட்டது. மாடிக்குப் போகும்போது மட்டும் நடுப்படியில் ஒருதரம் நிற்பார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் கடைசிக் கதிர்வீச்சுத் திகதியை உம்மா சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். எந்த வைத்தியரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுகிறார்.