‘க்ராம்’ என்னும் ஆங்கில வினையும் அதன் தமிழ் இணைச்சொற்களும்: ஒரு பொருண்மை நோக்கு

கொள்ளளவை மீறி நிரப்புதலைக் குறிக்கும் ஆங்கில வினை ‘க்ராம்’. எடையளவான கிராமுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இடப்பற்றாக்குறை, வலிந்து அழுத்துதல் ஆகிய இரண்டும் வெறும் நிரப்புதலினின்று இதனைப் பிரித்துக் காட்டுவன. பழைய ஆங்கிலத்தில் ‘க்ராமியன்’ என வழங்கிய இச்சொல், பின்னர்க் கோழி முதலியவற்றைக் கொழுக்கவைக்க இரையை வலிந்து ஊட்டுதலையும், பேச்சுவழக்கில் மூக்குமுட்ட உண்ணுதலையும், தேர்வுக்கு முன் குறுகிய காலத்தில் பாடங்களை மூளையில் ஏற்றுதலையும் குறிக்கலாயிற்று.

இதற்கு இணையாகத் ‘திணி’, ‘அடை’, ‘நிரப்பு’ ஆகியவை எளிதில் நினைவுக்கு வரும். எனினும் இவற்றின் தொடரமைப்பு வேறு. ஆங்கில வினை, செலுத்தப்படும் பொருளையும் கொள்கலத்தையும் தடையின்றிச் செயப்படுபொருளாக ஏற்கும். தமிழில் ‘பையில் துணியைத் திணித்தான்’ என்பது இயல்பு. ‘பையைத் துணியால் திணித்தான்’ என்பது வழுவாகத் தோன்றும். ‘நிரப்பு’ கொள்கலத்தை ஏற்கும். ஆனால் அதில் வலிந்து செய்தல் என்னும் பொருள் இல்லை. ‘அடை’ இரண்டையும் ஏற்பினும் பொருள் மாறிவிடுகிறது: ‘சாக்கில் பஞ்சை அடைத்தான்’ என்பது நிரப்புதல், ‘துளையைப் பஞ்சால் அடைத்தான்’ என்பது மூடுதல். எனவே கொள்கலத்தை முதன்மைப்படுத்தும் ஆங்கிலத் தொடரைப் ‘பை பிதுங்கத் துணியைத் திணித்தான்’ என, விளைவை வினையெச்சமாக்கிப் பெயர்க்க நேர்கிறது. இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. பிதுங்க, புடைக்க, வழிய என மீறலின் தன்மையையும் தமிழ் உடன் உணர்த்திவிடுகிறது.

தேர்வு சார்ந்த பொருளில்தான் சிக்கல் மிகுதி. 1855இல் லண்டனில் தொடங்கிய இந்தியக் குடிமைப்பணிப் போட்டித்தேர்வு, இவ்வகைப் பயிற்சி தரும் தனியார் பயிலகங்களுக்கு வாய்ப்பளித்தது. அவற்றையும் அவற்றின் ஆசிரியர்களையும் ‘க்ராமர்’ என்றனர். இவ்வினையை ‘உருப்போடு’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. மந்திரத்தைப் பலமுறை ஓதுதலையும் குறிக்கும் அச்சொல்லில் முதன்மை பெறுவது திரும்பத் திரும்பச் சொல்லுதலே. ஆண்டு முழுவதும் நிதானமாக உருப்போடலாம். நிதானமாக ‘க்ராம்’ செய்ய இயலாது.

‘திணித்துக்கொள்’ என்பதிலும் இடர்ப்பாடு உண்டு. புறநானூற்றின் இரண்டாம் பாடலில் ‘திணிதல்’ மண்ணின் செறிவையே சுட்டுகிறது, வற்புறுத்தல் அங்கில்லை. ‘இந்தித் திணிப்பு’ போன்ற இக்கால வழக்கிலோ ஏற்பவரின் விருப்பமின்மை மேலோங்கிவிட்டது. மாணவர் தாமே மேற்கொள்ளும் செயலுக்கு இந்நிழல் ஒவ்வாது. ‘தேர்வு நெருக்கத்தில் பாடங்களை அவசர அவசரமாகத் தலையில் ஏற்றிக்கொண்டான்’ என விரித்தெழுதுவதே இப்போதைக்குத் தக்கது.