பொம்மை ரோபோவுக்கு நிஜ இயந்திரத் தோற்றம்: பெயின்ட் அடிக்கும் முன் தெரிய வேண்டியவை

பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் போர்க்களத்திலிருந்து திரும்பிய இரும்பு ராட்சசன். பிரித்து எடுத்தால் கையில் இருப்பதோ பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஆயிரக்கணக்கில் செலவு செய்து ரோபோ ஆக்‌ஷன் ஃபிகர் வாங்கும் பலருக்கும் இந்த ஏமாற்றம் உண்டு. அதைச் சரிசெய்ய வீட்டிலேயே மறுபடி பெயின்ட் அடிக்கலாம். ஆனால் அவசரப்பட்டால் பொம்மையே பாழாகிவிடும்.

இந்த ‘அழுக்கு’ எங்கிருந்து வந்தது?

1977-ல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் விண்கலங்களும் ரோபோக்களும் கறையும் கீறலுமாக, பல வருடம் உழைத்த இயந்திரங்கள் போல இருந்தன. ஜப்பானில் 1979-ல் ‘மொபைல் சூட் குண்டம்’ அனிமே ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டே பண்டாய் நிறுவனம் அதன் ரோபோவை 300 யென் விலையில், 1/144 அளவு பிளாஸ்டிக் மாடலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட மாடல்களுக்குப் பயன்படும் உத்திகள்தான் ரெடிமேட் பொம்மைகளுக்கும் கைகொடுக்கின்றன.

முதல் வேலை சோப்புத் தண்ணீர்

அச்சிலிருந்து சுலபமாகப் பிரிந்து வர, பிளாஸ்டிக் பாகங்களுக்கு எண்ணெய்ப் பசையுள்ள பொருளைப் பயன்படுத்துவது உண்டு. அது ஒட்டியிருந்தால் பெயின்ட் நிற்காது. ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, பாகங்களைப் பாத்திரம் கழுவும் லிக்விடால் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பிரைமர் பூச வேண்டும்.

மூட்டுகளில்தான் சிக்கல். பெயின்ட் பூச்சுக்கும் தடிமன் உண்டு. இறுக்கமான மூட்டில் அது உரசி உரிந்துவிடும், அல்லது கை, கால் அசையாமல் மாட்டிக்கொள்ளும். உரசும் இடங்களை டேப் ஒட்டி மறைத்து, அப்படியே விட்டுவிடுவது நல்லது.

எந்த பெயின்ட்?

தொடங்குபவர்களுக்கு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பாதுகாப்பானது. எனாமல் தின்னர் மூட்டு இடுக்குகளில் இறங்கினால், அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விரிசல் விடக்கூடும். வளையும் பிவிசி பாகங்களில் சில பெயின்ட்கள் காயாமல் பிசுபிசுன்னே இருக்கும். வெளியே தெரியாத உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

கதையில் குண்டம் ரோபோவின் உயரம் 18 மீட்டர். 1/144 அளவில் அது 12.5 சென்டிமீட்டர். அப்படியானால் பொம்மையில் போடும் 1 மில்லிமீட்டர் கீறல், நிஜத்தில் 14 சென்டிமீட்டருக்கும் அதிகமான வெட்டு! கீறலை அள்ளித் தெளித்தால் மறுபடியும் பொம்மையாகவே தெரிவது இதனால்தான்.

அழுக்கு எங்கே சேரும் என்று யோசிப்பதுதான் பாதி வேலை. கோடுகளிலும் இடுக்குகளிலும் நீர்த்த கருப்பு-பழுப்பு பெயின்டை ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைக்க வேண்டும். கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் வெளிர் நிறத்தைத் தடவினால் தேய்மானம் தெரியும். பாதத்தில் மண், முழங்கால், கைவிரல்களில் ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றிய உலோக நிறம், இவை போதும். முதுகின் நடுவில் காரணமில்லாத கீறல் வேண்டாம்.

கடைசியில் பளபளப்பைக் கொல்லும் மேட் வார்னிஷ். ஸ்ப்ரேயாக அடித்தால், ஈரப்பதம் அதிகமுள்ள மழைநாளில் வேண்டாம். வெள்ளையாகப் பூத்துவிடும்.

மூச்சும் மதிப்பும்

ஸ்ப்ரே கேன், தின்னர் வேலைகளைக் காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். சாதாரண துணி மாஸ்க்கோ, தூசியைத் தடுக்கும் என்95 மாஸ்க்கோ தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய மாஸ்க் தேவை.

இன்னொன்று: பழைய, அரிய பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் ஒரிஜினல் பெயின்டுக்குத்தான் அதிக விலை தருவார்கள். ஒருமுறை பூசிவிட்டால் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். அதனால் முதல் முயற்சிக்கு அலமாரியில் இருக்கும் விலை உயர்ந்த ரோபோ வேண்டாம். கை உடைந்து மூலையில் கிடக்கும் மலிவான பொம்மை ஒன்றே போதும். அதன் உடைந்த கைகூட நிஜமான போர்த் தழும்பாகிவிடும்.