விரலுக்குத் தகுந்த வீக்கம்: சிறு டிராக்டருக்கு எந்த அளவு ரோட்டவேட்டர்?



கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் உழவுக் கருவியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சு ஒரு கணக்கு நோட்டிலிருந்துதான் பிறந்தது.

நம் ஷ்வேப்யிதாவிலிருந்து ஹ்லைங் ஆற்றைக் கடந்தால் அக்கரையில் நெல்லும் கீரையும் பயிரிடும் குடும்பம் ஒன்று இருக்கிறது. 1942-ல் கால்நடையாக இந்தியா போய், யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி டெல்டாவில் உழவு மாடுகள் ஏராளமாக மாண்டன. இவர்களும் மாடுகளை இழந்து, பல ஆண்டுகள் கை டிராக்டரை வைத்தே சமாளித்தார்கள். பிறகு அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து 24 குதிரைத்திறன் உள்ள சிறு டிராக்டர் ஒன்றையும், அதற்கு 5 அடி அகல ரோட்டவேட்டர் ஒன்றையும் வாங்கினார்கள். வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குப் போனது. "அகலமாக இருந்தால் சீக்கிரம் முடியும், வாடகைக்கும் ஓட்டலாம்" என்பது மூத்தவரின் எண்ணம்.

ஒரே பருவத்தில் கிளட்ச் தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. டீசல் செலவோ எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். "அண்ணே, பணம் எங்கே போகிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று நோட்டை என்னிடம் கொண்டு வந்தார்கள். ஓட்டை நோட்டில் இல்லை, டிராக்டருக்குப் பின்னால் இருந்தது.

ரோட்டவேட்டர் சாதாரணக் கலப்பையைப் போல இழுபடும் கருவி அல்ல. டிராக்டரின் பின்புறத்தில் உள்ள பி.டி.ஓ. தண்டு அதன் கத்திகளைச் சுழற்றுகிறது. கத்திகள்தான் மண்ணை வெட்டிப் பொடிக்கின்றன. ஆஸ்திரேலியாவில் கில்கண்ட்ரா என்ற ஊரில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்பவர் 1912-ல் தம் தகப்பனாரின் பண்ணை என்ஜினைக் கொண்டு செய்து பார்த்த சோதனையிலிருந்து வளர்ந்த கருவி இது. சுழற்றும் சக்தி முழுவதும் என்ஜினிலிருந்து வருவதால், அகலம் கூடக் கூட என்ஜின் மீது பாரம் கூடும். ஆகவே, வாங்குமுன் மூன்று அளவுகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பி.டி.ஓ. குதிரைத்திறன். டிராக்டர் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் என்ஜினின் திறன். பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது சுமார் 85 சதவீதம்தான். 24 குதிரைத்திறன் என்றால் கையில் கிடைப்பது 20. சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவதை வைத்துத்தானே குடும்பம் நடத்துகிறோம், அதுபோலத்தான். இலேசான மண்ணில் ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் வேண்டும். காய்ந்த களிமண்ணில் 6 அல்லது 7 வேண்டும். 20-ஐ 5-ஆல் வகுத்தால் 4 அடி. இதுவே அந்த டிராக்டரின் உச்ச எல்லை. அறுவடை முடிந்து இறுகிப்போன களியில் 4 அடியும் கனமே. முதல் ஓட்டத்தில் 2 அங்குலம், அடுத்த ஓட்டத்தில் 4 அங்குலம் என்று இரண்டு தரம் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, பின் சக்கரத்தின் வெளி அகலம். இடது சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வலது சக்கரத்தின் வெளி விளிம்பு வரை நாடா பிடித்து அளந்து பாருங்கள். கருவி அதை மூடினால்தான் சக்கரம் மிதித்த தடம் உழப்படும். இவர்களுடையது 48 அங்குலம், அதாவது சரியாக 4 அடி. கருவி சற்றுக் குறுகலாக அமைந்தால், ஒரு பக்கமாகத் தள்ளிப் பொருத்தும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். ஒரு தடத்தை இந்த ஓட்டத்திலும் மற்றதை அடுத்த ஓட்டத்திலும் மூடிவிடலாம்.

மூன்றாவது, எடை. 5 அடிக் கருவிகளில் பல 300 கிலோவைத் தாண்டும். ஹைட்ராலிக் அதைத் தூக்கிவிடும், ஆனால் தூக்கியதும் முன் சக்கரம் இலேசாகிவிடும். டிராக்டரின் எடையில் 20 சதவீதமாவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது பொது விதி. இல்லாவிட்டால் வரப்பு ஏறும்போது ஸ்டியரிங் பிடிக்காது.

இனி மூத்தவரின் எண்ணத்துக்கு வருவோம். அகலம் கூடினால் நேரம் குறையாதா? ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஓட்டத்துக்கு ஓட்டம் அரை அடி மேலே ஏற்றி ஓட்டுவதாகக் கொள்வோம். 4 அடிக் கருவி உழுவது மூன்றரை அடி. மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போனால், திரும்பும் நேரம் சேர்க்காமல், சுமார் 1 மணி 31 நிமிடம் ஆகும். 5 அடிக் கருவி உழுவது நாலரை அடி. ஆனால் அதே என்ஜின் அதே ஆழத்தில் அதை இழுக்க வேண்டுமானால் வேகத்தை 2 கிலோமீட்டருக்குக் குறைக்க வேண்டும். ஆகும் நேரம் சுமார் 1 மணி 28 நிமிடம். மிச்சம் 3 நிமிடம்! அந்த 3 நிமிடத்துக்காகக் கூடுதல் விலை, கூடுதல் எடை. வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினால் என்ஜின் திணறும், டீசல் எரியும், கிளட்ச் தேயும். அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல் என்று நம் பெரியவர்கள் மாட்டு ஏருக்குச் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

பழைய ஜப்பானிய டிராக்டர் வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அவற்றோடு வரும் ரோட்டரி சில சமயம் நான் சொன்ன கணக்கைவிட அகலமாக இருக்கும். அது சேற்று வயலுக்காக இலேசாகச் செய்யப்பட்டது. அதே அகலத்தில் கனமான ரோட்டவேட்டரை மாட்டிவிடாதீர்கள். பின்புற மூன்று புள்ளி இணைப்பின் இடைவெளியும் சில ரகங்களில் மாறுபடும். பல ரகங்களில் பி.டி.ஓ.வுக்கு இரண்டு மூன்று வேகங்கள் உண்டு. கருவிக்குரிய வேகம், பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்று, எந்தக் கியரில் வருகிறதென்று தெரிந்து ஓட்டுங்கள்.

540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. நம் ஆண்கள் கைலியோடுதான் வயலில் இறங்குகிறோம். மூடியில்லாத தண்டில் கைலி முனை சிக்கினால் உதறிக்கொள்ள நேரமே கிடைக்காது. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஓட்டுபவர் கால்சட்டை அணியட்டும். கத்தியில் சிக்கிய கொடியை எடுக்க என்ஜினை நிறுத்திவிட்டே இறங்குங்கள். பிள்ளைகளைக் கருவியின் மேல் உட்கார வைக்காதீர்கள். கிளட்சுக்குப் புதிது வாங்கலாம், காலுக்கு வாங்க முடியாது.

அந்தச் சகோதரர்கள் 5 அடிக் கருவியை நஷ்டத்துக்கு விற்று 4 அடிக்கு மாறினார்கள். நகையில் பாதிதான் இதுவரை திரும்பியிருக்கிறது. மீதியை மீட்க இன்னும் ஓரிரு பருவம் ஆகலாம். தங்கள் கதையைப் பெயர் சொல்லாமல் வானொலியில் சொல்லும்படி கேட்டதும் அவர்கள்தான்.

கடைக்குப் போகுமுன் பி.டி.ஓ. திறன், சக்கர அகலம், உங்கள் மண்ணின் தன்மை ஆகிய மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் விலை பேசத் தொடங்குமுன் அதை எடுத்துக் காட்டுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.