சொல்லாமல் நின்றுவிடும் தொழிலாளி

கூலிக்கு ஆள் வைத்துத் தறி நடத்தும் அங்கத்தினர் பலர் நம்மிடையே உள்ளனர். பாவு பாதியில் நிற்க, தொழிலாளி சொல்லாமல் நின்றுவிட்டால், "இனி வரவேண்டாம்" என்று கூறிவிடுவதே வழக்கமாயிருக்கிறது. கோபம் நியாயமே, முடிவுதான் அவசரமானது.

விடுப்பின்றி 8 நாட்களுக்கு மேல் வராதவர் வேலையை இழப்பார் என்று நிலையாணையிலேயே விதித்திருந்த ஓர் ஆலையின் வழக்கில், விசாரியாமல் நீக்கியது செல்லாதென்று 1993-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம்மை வாயிலிலேயே தடுத்துவிட்டார்கள் என்பது அத்தொழிலாளியின் வாதம். அதைக் கேட்பாரில்லாமற் போயிற்று. இறுதியில் பாதிப் பின்கூலியுடன் அவரைத் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு கடிதச் செலவு எங்கே, இது எங்கே!

ஆதலின், வராத நாளை அன்றன்றே வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு, முதலில் வீட்டிற்கு ஆளனுப்பி விசாரிப்போம். காய்ச்சலோ, துக்கமோ, வேறிடத்தில் வாங்கிய முன்பணமோ, யாரறிவார்? பதிலில்லையேல், சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில், அவர் படிக்கக்கூடிய எளிய தமிழில், தவணை குறித்துக் காரணம் கேட்க வேண்டும். நகலொன்று நம்மிடம் இருக்கட்டும். திரும்பி வந்தால் அவர் கூறுவதை எழுதி வாங்கிய பின்னரே எதையும் தீர்மானிக்கலாம்.

வராத நாட்களுக்குரிய கூலியைப் பிடிக்கலாம். நெய்த நாட்களின் கூலியை நிறுத்திவைத்தல் ஆகாது.