முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு பகற்பொழுது

கொழும்பின் நெருக்கத்தில் வாழும் நாம், விடுமுறை வந்தால் கண்டியையும் நுவரெலியாவையுமே எண்ணுகிறோம். களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே, நீர்கொழும்புக் களப்புவரை, முத்துராஜவெல சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. காலையிற் சென்று மாலையில் மீளலாம்.

ஒருகாலத்தில் அங்கே நெல் விளைந்தது. உவர்நீர் புகுந்து வயல்கள் பாழாயின. அந்நீரை வடிப்பதற்கென ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்ததே ஹமில்டன் கால்வாய். இன்று அதிற் படகேறிச் சென்று, கண்டற் காட்டையும் நீர்ப்பறவைகளையும் காணலாம். சதுப்பின் வடபகுதி 1996இல் சரணாலயமாயிற்று.

பெருமழை வெள்ளத்தை இச்சதுப்பு தன்னுள் தாங்கி, மெல்லக் களப்புக்கு விடுகிறது. இதனைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பினால், அவ்வெள்ளம் நம் வீடுகளுக்குள்ளேயே புகும். பிள்ளைகளை அழைத்துச்சென்று இதனை நேரிற் காட்டுங்கள்.